காற்றில் நின்ற பங்கு

முத்தஹ்ஹரும் ஹமூதும் தங்கள் வாப்பாவின் வீட்டில் கீழ் நான்கு மாடிகளையும் இடித்துத் தள்ளிய பிறகும், அவர்களுடைய சகோதரி அமத்துல் கரீமின் பங்காக வந்த ஐந்தாவது மாடி கீழே வரவில்லை. அது எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. சன்ஆ பழைய நகரத்தின் பாதாம் சந்தில் அன்று இருந்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். தூசி அடங்க அஸர் தொழுகை வரை ஆனது என்றும், மொட்டைமாடிகளில் காயப்போட்ட துணியெல்லாம் பாழாய்ப் போனது என்றும் அதே மூச்சில் சேர்த்துக்கொள்வார்கள். இடிபாட்டை அள்ளி முடித்த மறுநாளே ரொட்டி விற்கும் பெண்கள் அந்த மாடிக்கு நேர் கீழே கூடைகளோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் காலத்தில் அந்தச் சந்துக்கு அவ்வளவு பெரிய நிழல் அதற்கு முன் வாய்த்ததில்லை.

விஷயம் வாப்பாவின் மௌத்தோடு ஆரம்பித்தது. இரண்டு மகன்கள், நடுவில் ஒரு மகள், ஐந்து மாடி வீடு. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று என்பது மார்க்கச் சட்டம். மாடிகளே ஐந்தாக இருந்ததால் கணக்குப் போடக் காஜி பேனாவைக்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. மூத்தவருக்கு இரண்டு மாடி, இளையவனுக்கு இரண்டு மாடி, அமத்துல் கரீமுக்கு ஒரு மாடி. ஆனால் எங்கள் ஊரில் இந்தக் கணக்கு வாயளவில் மட்டும் நடக்கும். பெண்பிள்ளை எல்லார் முன்னாலும் வெட்கத்தோடு தலையைக் குனிந்து, என் பங்கு என் அண்ணன்மார் கையில் இருந்தால் என் கையில் இருந்த மாதிரிதான் என்று சொல்ல வேண்டும். அண்ணன்மார் கண் கலங்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் அவள் வீட்டுக்கு ஆட்டுத் தொடை ஒன்று வந்துகொண்டிருக்கும். முத்தஹ்ஹர் கண் கலங்கத் தயாராகவே வந்திருந்தார். கைக்குட்டைகூட வெளியே எடுத்தாகிவிட்டது.

"அண்ணே, சட்டமே எனக்குப் பாதிதான் குடுத்துச்சு. அதையும் மரியாதைக்காக விட்டுக்குடுன்னு நீங்க கேக்குறீங்க. என்னால முடியாது. எனக்கு ஆட்டுத் தொடையும் பிடிக்காது" என்றாள் அமத்துல் கரீம்.

கைக்குட்டை சட்டைப்பைக்குத் திரும்பியது. தலைப்பாகைத் துணியில் கற்களைப் போட்டுச் சீட்டுக் குலுக்கினார்கள். அவளுக்கு உச்சிமாடி விழுந்தது. வீட்டிலேயே வெளிச்சமும் காற்றும் அங்கேதான். சுற்றிலும் வண்ணக் கண்ணாடி வளைவுகள் வைத்த ஜன்னல்கள், நுகூம் மலை நேர் எதிரே. ஆண்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்துகொண்டு காத் இலை மெல்வதற்கென்றே வாப்பாவின் வாப்பா காலத்தில் கட்டிய கூடம் அது. போகட்டும், எத்தனை நாளைக்குத்தான் நம் வாசல்களைத் தாண்டிப் படியேறுவாள் என்று அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் தினமும் ஏறினாள். ஊராரையும் ஏற்றினாள் என்பதுதான் வினை. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தவள். கல்யாணம் ஒன்று நடந்து, முறிந்து, அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, மற்றவர்களும் கேட்பதில்லை. மதியம் திரும்பியதும் ஜன்னல்களைத் திறந்துவைப்பாள். ஒவ்வொருத்தியாக வந்து சேர்வார்கள். எதிர் வீட்டு மருத்துவச்சி தகிய்யா, தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் நூரிய்யா, இன்னும் பத்துப் பதினைந்து பேர். பெண்கள் மதியத்தில் கூடுவது எங்களுக்குப் புதிதல்ல. இஞ்சி தட்டிப் போட்ட காப்பித்தோல் பானம், பேரீச்சம்பழம், கொஞ்சம் பாட்டு, நிறைய ஊர்வம்பு என்று எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இங்கே மட்டும் வம்போடு வம்பாக வேறு பேச்சும் நுழைந்தது. நிலா ஏன் விழுவதில்லை, பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டதென்கிறார்களே அது நிஜமா, கணக்குப் போடும் இயந்திரத்தால் பொய் சொல்ல முடியுமா, பூஜ்யத்தைக் கண்டுபிடித்தவனுக்கு அதற்கு முன் என்ன குறை இருந்தது. யாரும் பாடம் நடத்தவில்லை. சண்டைதான் நடந்தது. தகிய்யா எதையும் ஒரே தடவையில் ஒப்புக்கொண்டதில்லை. பூமி சுற்றுவதை ஒப்புக்கொள்ள அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஒப்புக்கொண்ட பிறகு, சுற்றுவதாக இருந்தால் பிரசவ வலி கண்டவளை எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவைப்பது நல்லது என்று கேட்டு இன்னொரு வருடத்தைச் சாப்பிட்டாள்.

பொழுது சாயும்போது பேச்சு தானாக அடங்கும். அதை ஸுலைமான் வேளை என்போம். விளக்கேற்றமாட்டார்கள், வாய் திறக்கமாட்டார்கள், வண்ணக் கண்ணாடிகளில் வெளிச்சம் கரைவதைப் பார்த்தபடி அவரவர் யோசனையில் இருப்பார்கள். அந்த வேளையில் பேசுகிறவன் அடுத்தவன் கனவில் கல்லெறிகிறான் என்பது எங்கள் ஆண்களின் எண்ணம். பெண்களும் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள்.

இப்படி ஏழெட்டு வருடம் போனது. அதற்குள் அண்ணன் தம்பி இருவரும் ஹத்தா பக்கம் புது வீடு கட்டிக் குடிபோயிருந்தார்கள். பழைய வீட்டை இடித்துவிட்டு முழுக்கக் கண்ணாடியாலான கடைக் கட்டடம் எழுப்ப வேண்டும் என்று முத்தஹ்ஹருக்கு ஆசை முளைத்தது. அமத்துல் கரீம் விற்கமாட்டேன் என்றாள். பெருநாளுக்கு வந்து கேட்டார், அழுது கேட்டார், மைத்துனிகளை அனுப்பிக் கேட்டார். கடைசியில் வழக்குப் போட்டார். காஜி லுத்ஃப் நேர்மையான ஆள், ஆனால் வேலை முடிந்தால் போதும் என்றிருப்பவர். அவள் மாடியை எவனும் தொடக்கூடாது, மற்ற மாடிகளை உரியவர்கள் தங்கள் இஷ்டப்படி செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பு எழுதிவிட்டு லுஹர் தொழுகைக்கு எழுந்து போய்விட்டார். இரண்டு தரப்புக்கும் நியாயம் வழங்கிவிட்டதாக அவருக்கு நிம்மதி.

ஹமூதுக்குத்தான் அந்தத் தீர்ப்பில் ஒரு வழி தெரிந்தது. அவள் மாடியைத் தொடக்கூடாது, அவ்வளவுதானே. தொடவே வேண்டாம். நம்முடையதை நாம் எடுத்துக்கொள்வோம், அவளுடையது தானாக இறங்கும். உலகத்தில் எந்தக் கொத்தனாரும் வீட்டை மேலிருந்துதான் இடிப்பான். இவர்கள் கீழிருந்து இடிக்க ஆள் தேடினார்கள். மூன்று மேஸ்திரிகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நாலாவதாக வந்த உஸ்தா நாஜி, முட்டுக் கொடுத்து முட்டுக் கொடுத்து மெல்லச் செய்யலாம், அதற்குள் அந்தம்மா பயந்து இறங்கிவிடுவார் என்று சொல்லி வேலையை ஏற்றுக்கொண்டார். உண்மையில் எல்லாருடைய திட்டமும் அதுதான். அவளைச் சாகடிக்க அவர்கள் நினைக்கவில்லை. பயப்படுவாள் என்று நினைத்தார்கள். அது அதைவிடப் பெரிய முட்டாள்தனம்.

முதல் கல்லைப் பெயர்த்த அன்று காலையில் அமத்துல் கரீம் பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மதியம் வழக்கமான கூட்டம் படியேறி வந்தது. சாயங்காலம் அது வீட்டுக்குப் போகவில்லை. தகிய்யா பேறு பார்க்கப் போக வேண்டிய நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அங்கேயே கிடந்தாள். நூரிய்யா படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர்கள் புருஷன்மார் சந்து முனையில் கூடிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சமைத்துப் போட ஆளில்லை என்பது ஒரு கவலை, மேலே இருப்பவர்கள் நொறுங்கிப்போவார்கள் என்பது இன்னொரு கவலை. இரண்டில் எது முந்தி என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

தொழுவமும் களஞ்சியமும் இருந்த அடித்தளம் முதலில் போனது. அடுத்து இரண்டாவது. படிக்கட்டு போனதும், தகிய்யா தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து சந்தின் குறுக்கே பலகை ஒன்றைப் போட்டாள். போக்குவரத்து அதில் நடந்தது. உஸ்தா நாஜி ஒவ்வொரு சுவரை எடுப்பதற்கு முன்னும் மரக்கம்பங்களை வரிசையாக முட்டுக் கொடுத்தார். மூன்றாவது மாடியை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு கம்பத்தில் சாய்ந்து தண்ணீர் குடித்தார். கம்பம் சாய்ந்தது. அவர் கீழே விழுந்தார். எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, அடுத்த கம்பத்தை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். அதுவும் ஆடியது. எந்தக் கம்பத்தின் தலையிலும் எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் முத்தஹ்ஹரைத் தேடிப் போனார்.

"முதலாளி, உங்க வீடு முட்டுல நிக்கல."

"பின்ன எதுல நிக்குது?"

"அதத் தெரிஞ்சுக்கத்தான் உங்ககிட்ட வந்தேன். கம்பத்த எல்லாம் பிடுங்கி எடுத்துட்டேன். வாடகைக்கு வாங்கினது, வீணா எதுக்கு அங்க நிக்கணும்?"

முத்தஹ்ஹர் வந்து பார்த்தார். மேலே ஜன்னலில் அவர் தங்கை இருந்தாள்.

"இறங்கு அமத்து! உயிரோட விளையாடாத!"

"உங்க பங்க நீங்க எடுத்துக்கிட்டீங்களா அண்ணே?"

"இன்னும் ஒரு மாடி இருக்கு."

"அதையும் எடுத்துக்கங்க. பாதியில விட்டா நல்லாவா இருக்கும்?"

அதையும் எடுத்தார்கள். நாலாவது மாடியின் கடைசிச் சுவர் போனபோது எழுந்த தூசிதான் துணிகளைப் பாழாக்கியது. தூசி இறங்கியதும், நான்கு மாடி உயரத்துக்கு மேலே, ஐந்தாவது மாடியின் அடிப்பக்கம் தெருவுக்குத் தெரிந்தது. கீழ்மாடிக் கூரையின் வெள்ளைப் பூச்சு அதில் ஒட்டியிருந்தது. நடுவில் விளக்கு மாட்டும் கொக்கி ஒன்று தொங்கியது. கூரைப்பூச்சு நாலாவது மாடிக்குச் சேர்ந்தது, அதாவது தனக்குச் சேர்ந்தது என்று ஹமூது பெரிய ஏணி கொண்டுவந்து கொக்கியைக் கழற்றிக்கொண்டு போனான். அவமானப்பட்டவனுக்கு அந்த ஆறுதலாவது வேண்டியிருந்தது, பாவம்.

அதன் பிறகு அங்கே வாழ்க்கை நடந்தது. பலகைக்குக் கைப்பிடி வைத்தார்கள். தண்ணீர்க் குழாயைத் தகிய்யா வீட்டிலிருந்து இழுத்தார்கள். காய்கறி, முன்பு எப்படி வந்ததோ அப்படியே கயிற்றுக் கூடையில் வந்தது. கழிவுநீர் விஷயத்தில் ரொட்டிக்காரிகளோடு கொஞ்ச நாள் மனஸ்தாபம் இருந்து தீர்ந்தது. இதில் நிம்மதியில்லாமல் இருந்தவள் அமத்துல் கரீம் ஒருத்திதான். அறைக்குள் எல்லாம் வழக்கம்போல விழுந்தன. டம்ளர் கைதவறினால் உடைந்தது. ஊசல் முன்பு ஆடிய வேகத்திலேயே ஆடியது. தராசில் அரிசி அதே எடை காட்டியது. அறைக்குள் இருக்கும் அத்தனையும் விழும், அறை மட்டும் விழாது என்றால் இருபது வருடமாக நான் பிள்ளைகளுக்கு நடத்தியது என்ன என்று அவள் பல்லைக் கடித்தாள். தினமும் அளந்தாள். கூட்டத்தில் இருந்தவர்களையும் அளக்க வைத்தாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கீழே நின்றே பார்த்துவிட்டு, நகரத்தின் வெப்பக் காற்றால் வரும் கானல் தோற்றம் என்று சொன்னார். சொல்லும்போது அந்தக் கானலின் நிழலில்தான் நின்றார். இன்னொருவர் பலகையில் நடந்துவந்து, பானம் குடித்து, தேன் ரொட்டி சாப்பிட்டு, எல்லாவற்றையும் அளந்து, அளவில் எங்கோ பிழை என்று எழுதிக்கொண்டு போனார். அவர்கள் போன பிறகு வேறு கூட்டம் வந்தது. சுகமில்லாத குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மலைக் கிராமங்களிலிருந்தெல்லாம் வந்து, அறையின் அடியில் உட்கார்ந்து ஓதினார்கள். அமத்துல் கரீமின் வாப்பா ஒரு அவுலியா, பெரிய மகான், உயிரோடு இருந்தபோது யாருக்கும் தெரியவில்லை என்று பேச்சு கிளம்பியது. அவள் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள்.

"எங்க வாப்பா துணி யாவாரி! முழம் போடுறப்ப விரல மடக்குவாரு, இந்தச் சந்துக்கே தெரியும்! பிள்ளைக்கு ஜொரம்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க!"

அவர்கள் அவளையும் அவுலியா என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தகிய்யா கீழே இறங்கி வந்து, பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

முத்தஹ்ஹர் மறுபடி வழக்குப் போட்டார். மாடி என்றால் கீழ்மாடி தாங்க வேண்டும். தாங்க ஒன்றுமில்லாதது மாடியே அல்ல. அது என் மனைக்கு மேலே அத்துமீறி நிற்கும் பொருள், அகற்ற வேண்டும் என்பது வாதம். பலமான வாதம்தான். காஜி லுத்ஃபுக்குச் சங்கடமாக இருந்தது, அவருடைய முந்தைய தீர்ப்பால் வந்த வினை ஆயிற்றே. வழக்குக்கு முதல் நாள் அவரே ஆள் அனுப்பி அமத்துல் கரீமிடம் ஒரு வழி சொன்னார். இது வாப்பாவின் கராமத், அவர் புண்ணியத்தால் நிற்கிறது என்று சபையில் ஒரு வார்த்தை சொல். அந்த இடத்தை வக்ஃபாக, தர்மச் சொத்தாக எழுதிவிடுகிறேன். பிறகு கியாமத் நாள் வரை எவனும் கை வைக்க முடியாது. மதியக் கூட்டத்தில் பாதிப் பேர் சொல்லித் தொலையேன் என்றார்கள். ஒரு வார்த்தைதானே.

மறுநாள் சபையில் காஜி கேட்டார்.

"சொல்லும்மா. உன் மாடி எதுல நிக்குது?"

"தெரியாது காஜியார்."

"நேத்து நான் சொல்லியனுப்பினது வந்து சேர்ந்துச்சா?"

"வந்துச்சு. விடை வராத கணக்குக்கு விடைய எழுதாதீங்கடின்னு நான் பிள்ளைங்க காத முறுக்கியிருக்கேன். இப்ப என் வீட்டுக்காக நானே எழுதவா? தெரியாது. தெரியாதுன்னே எழுதிக்கங்க."

சபையே சலசலத்தது. முத்தஹ்ஹர் முகத்தில் வெற்றி தெரிந்தது. காஜி பேனாவை எடுத்தார். பிறகு, அது நிற்பதற்குக் காரணம் தெரிந்தால்தான் அகற்றலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல முடியும் என்றும், காரணம் தெரியும் வரை வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்றும், அதுவரை அறையைத் தொடாமல் கீழே யார் எது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்றும் எழுதினார். ஆக, உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றின் மேல் அமத்துல் கரீமின் பங்கு நின்றது.

முத்தஹ்ஹர் தன் கண்ணாடிக் கட்டடத்தை அதற்குக் கீழே கட்டினார். நான்கு மாடி. அதன் கூரைக்கும் அவள் அறைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அதில் புறாக்கள் குடியேறின, ரொட்டிக்காரிகள் கட்டடத்தின் வாசலோரத்துக்கு நகர்ந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை வழக்கு அழைக்கப்படும். காரணம் தெரிந்ததா என்று காஜி கேட்பார், இன்னும் இல்லை என்று அவள் சொல்வாள், எல்லாரும் எழுந்து போவார்கள். முத்தஹ்ஹருக்குச் சர்க்கரை வியாதி வந்தது, ஹமூதுக்கு முடி கொட்டியது, நூரிய்யாவின் தொலைபேசி நிலையத்தில் இணைப்புகளை இயந்திரமே கொடுக்க ஆரம்பித்து அவளை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். மதியக் கூட்டம் மட்டும் நிற்கவில்லை.

ஒரு மாலை, ஸுலைமான் வேளையில், எல்லாரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தபோது தகிய்யா பேசிவிட்டாள். அந்த வேளையில் அந்த அறையில் அதற்கு முன் ஒருத்தரும் பேசியதில்லை.

"இத்தன வருஷமா இது ஏன் விழலன்னே கேட்டுக்கிட்டு இருக்கோம். மத்த வீடெல்லாம் ஏன் கீழயே கிடக்குதுன்னு ஒருத்தியாச்சும் கேட்டோமா?"

யாரோ அவளை அதட்டினார்கள். அமத்துல் கரீம் மட்டும் எழுந்து விளக்கைப் போட்டாள். அந்த வேளையில் விளக்கு எரிந்ததும் அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து குளிர்காலம் முழுக்க அவள் எழுதினாள், கிழித்தாள், எழுதினாள். தகிய்யா வழக்கம்போல ஒவ்வொரு வரிக்கும் மறுப்புச் சொன்னாள். அவள் மறுத்த வரிகளில் பாதி உண்மையிலேயே தப்பாக இருந்தன. பாதாம் பூக்கும் பருவத்தில் ஒரு மதியம், தகிய்யா கடைசி வரி வரை கேட்டுவிட்டு, மறுத்துப் பேச ஒன்றும் கிடைக்காமல் பேரீச்சங்கொட்டையைத் துப்பினாள். காரணம் தெரிந்துவிட்டது.

ஐந்து நிமிடம் போல எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், நூரிய்யா குலவையிட்டாள். பிறகு அந்த நூரிய்யாவுக்குத்தான் முதலில் உறைத்தது.

"அடுத்த மாசம் வழக்கு வருது. நீ வாயத் திறக்கக்கூடாது அமத்து. காரணம் தெரியற வரைக்கும்னுதான் அந்தாளு எழுதியிருக்காரு. தெரியாதுங்கிற ஒரு வார்த்தையிலதான் நாம எல்லாரும் உக்காந்திருக்கோம்."

"அன்னிக்கு நிஜமாவே எனக்குத் தெரியாது நூரிய்யா. அதனால சொன்னேன்."

"இன்னிக்கும் சொல்லு. யாரு வந்து உன் மண்டையத் திறந்து பாக்கப் போறா?"

"இன்னிக்குச் சொன்னா அன்னிக்குச் சொன்னதும் பொய்யாப் போயிடும். அன்னிக்கு வீட்டுக்காக நான் பொய் சொல்லல. இன்னிக்கு மட்டும் ஏன் சொல்லணும்?"

"உனக்கு வீடு மட்டும்தான்டி! எனக்கு இத விட்டா போக்கிடம் ஏது? வீட்ல மாமியார், ஆபீஸ்ல மேலாளர். மதியம் மூணு மணி நேரம் இங்க வந்தாத்தான் நான் மனுஷி. அதக் கொண்டுபோய் உங்க அண்ணங்கிட்ட தூக்கிக் குடுக்கப்போறியா?"

 நூரிய்யா சொன்னது சத்தியம் என்று அமத்துல் கரீமுக்குத் தெரியும். அறை போய்விட்டால் இத்தனை பேரும் அவரவர் அடுப்படிக்குத் திரும்ப வேண்டும். அவள் பலகையில் நடந்து தகிய்யாவின் மொட்டைமாடிக்குப் போய், தன் அறையை வெளியிலிருந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.  நூரிய்யா அதன் பிறகு மூன்று வாரம் வரவில்லை.

வழக்கு நாளன்று காலையில் வந்தாள். இடுப்பில் மூட்டை, கையில் அடுக்குப் பாத்திரம். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல், அது விழுந்தால் எங்களோடு விழட்டும் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அமத்துல் கரீம் கெஞ்சினாள், திட்டினாள். ஒருத்தியும் அசையவில்லை. தகிய்யா மட்டும் அவளோடு சபைக்குப் புறப்பட்டாள், வழியில் சந்தேகம் ஏதாவது தோன்றினால் கேட்க வேண்டுமே என்று.

"காரணம் தெரிஞ்சதா?" என்றார் காஜி லுத்ஃப். இல்லை என்ற பதிலுக்காகப் பேனாவை ஏற்கெனவே மூடியிருந்தார்.

"தெரிஞ்சிடுச்சு காஜியார்."

சொல்லி முடிக்க மூன்று மதியங்கள் ஆயின. முதல் மதியத்தில் சொன்னது எல்லாருக்கும் புரிந்தது. இரண்டாவது மதியம் பாதி வரை காஜி தலையாட்டினார். அதற்கு மேல் கணக்குத் தெரிந்தவர்களுக்கு. முன்பு பானம் குடித்துவிட்டுப் போன பேராசிரியர் கேள்விப்பட்டு ஓடிவந்து, மூன்றாவது மதியம் முழுக்க எழுந்து நின்றே கேட்டார். கடைசியில் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இங்கே அதை விவரித்து என்ன ஆகப்போகிறது, இப்போது ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. சந்துக்காரர்கள் எல்லாருக்கும் விளங்கிய பகுதி ஒன்றுதான். ஒரு மாடி அப்படி நிற்க வேண்டுமென்றால் அதற்குக் கீழே உள்ளதை அடியிலிருந்து மேலாக வரிசையாக எடுக்க வேண்டும். எடுக்கும்போது மேலே ஆட்கள் இறங்க மறுத்து உட்கார்ந்திருக்க வேண்டும். மேலிருந்து இடித்திருந்தால் எந்த வீட்டையும் போல அதுவும் மண்ணாகியிருக்கும். இதைக் கேட்டதும் முத்தஹ்ஹர் திரும்பித் தம்பியைப் பார்த்தார். ஹமூது தரையைப் பார்த்தான்.

முத்தஹ்ஹர் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார். காரணம் தெரிந்தாயிற்று, ஒத்திவைப்பு முடிந்தது, என் மனைக்கு மேலிருந்து அதை அகற்ற உத்தரவிடுங்கள் என்றார். காஜி எழுந்து, காலணியை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். சபை மொத்தமும் பின்னால் போனது. பாதாம் சந்தில் எல்லாரும் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார்கள். அறை அங்கேயே இருந்தது. ஜன்னலில் நூரிய்யா கிண்ணத்துச் சல்தா குழம்பில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அவர்கள் இறங்கவே இல்லை.

"என்ன காஜியார், அகற்றச் சொல்றீங்களா?" என்றார் முத்தஹ்ஹர்.

"என் வீடு எதுமேல நிக்குதுன்னு எனக்குத் தெரியாது முத்தஹ்ஹர். உன் வீடு எதுமேல நிக்குதுன்னு உனக்கும் தெரியாது, மூணு நாளா நீ கேட்ட அழகப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அவளுக்கு அவ வீடு எதுமேல நிக்குதுன்னு கடைசிக் கணக்கு வரைக்கும் தெரியுது. இப்ப நம்மள்ல யாரக் காலி பண்ணச் சொல்லட்டும்?"

அதுவே தீர்ப்பாக எழுதப்பட்டது, வார்த்தைகளைக் கொஞ்சம் கௌரவமாக மாற்றி.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. பழைய நகரத்தில் பங்கு பிரிக்கும்போது இப்போது எந்தப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு அண்ணன்மார் கையில் இருக்கட்டும் என்று சொல்வதில்லை. உச்சிமாடியைக் கொடுங்கள் என்கிறாள். அண்ணன்மாரும் முகம் கோணாமல் கொடுத்துவிடுகிறார்கள். வீம்பு பண்ணிக் கீழே கை வைத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கை வைத்தவர்களும் உண்டு. கிழக்கு வாசல் பக்கம் மூன்று அறைகளும் உப்புச் சந்தைக்கு மேலே ஒன்றும் நிற்கின்றன. உஸ்தா நாஜியின் ஆட்களை அடுத்த ரமலான் வரை பிடிக்க முடியாது. லாரிக்காரர்களுக்காக நகராட்சி உயரப் பலகை மாட்டியிருக்கிறது.

முத்தஹ்ஹர் போன வருடம் மௌத்தானார். அமத்துல் கரீம் நாற்பது நாளும் அழுதாள், எப்படியானாலும் கூடப்பிறந்தவர். அவருக்கும் இரண்டு மகன்கள், ஒரு மகள். கண்ணாடிக் கட்டடத்தில் மகளுக்குச் சேர வேண்டியதை அந்தப் பையன்கள் ஆட்டுத் தொடையில் முடிக்கப் பார்த்தார்கள். அந்தப் பெண் வாப்பாவைப் போலவே பிடிவாதக்காரி. நேற்று மதியம் தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அதன் நாலாவது மாடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். நூரிய்யாவும் மற்றவர்களும் மேலே உள்ள அறையின் ஜன்னலிலிருந்து ஏணி போட்டு அவளிடம் இறங்கியிருக்கிறார்கள். அவள் அண்ணன்கள் கீழ்த்தளத்துக் கண்ணாடியை உடைக்கலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், ரொட்டிக்காரிகள் கூடைகளைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.